ஒரே வேலைக்கு இரண்டு கூலி!

(ஸ்ரீரங்கத்தில் ஆலைத் தொழிலாளர்களுக்கும் விவசாயத் தொழிலாளர்களுக்கும் சேர்த்து நடைபெற்ற வகுப்பில் ஆற்றிய உரை)

தோழர்களே!

காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவிலிருக்கிற இந்த ஸ்ரீரங்கத்தில் இன்று இரண்டு வகை உழைப்பாளிகள் ஒரே பந்தலின் கீழ் உட்கார்ந்திருக்கிறோம். பொன்மலை, திருவெறும்பூர் பக்கமிருந்து வந்திருக்கும் ஆலைத் தோழர்கள் ஒரு பக்கம். லால்குடி, அந்தநல்லூர் வட்டாரத்து வயல்களிலும் வாழைத் தோட்டங்களிலும் பாடுபடுகிற தோழர்கள் இன்னொரு பக்கம். "ஆலைக்காரன் பிரச்னை வேறு, வயல்காரன் பிரச்னை வேறு, இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரே வகுப்பு எதற்கு?" என்று சில நண்பர்கள் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். அதற்குப் பதில் சொல்வதே இன்றைய பேச்சின் நோக்கம்.

சுருக்கமாகச் சொன்னால் விஷயம் இது: ஒரே வேலைக்கு இரண்டு கூலி என்ற ஏற்பாடு நாடு முழுவதும் பரவியிருக்கிறது. குறைந்த கூலி வாங்குகிறவனை மட்டும் இது வதைக்கவில்லை. அதிகக் கூலி வாங்குகிறவன் காலடியில் உள்ள மண்ணையும் இதுவே அறுக்கிறது. ஆலையிலும் இதுதான், வயலிலும் இதுதான். இதைப் புரிந்துகொண்டால் நாம் யாருடன் சேர வேண்டும், யாரை எதிர்க்க வேண்டும் என்பது தானாகவே விளங்கிவிடும்.

கேட்டில் இரண்டு வரிசை

காலை ஷிப்டுக்குச் சங்கு ஊதுகிற நேரத்தில் ஏதாவது ஒரு பெரிய தொழிற்சாலையின் கேட்டருகே போய் நின்று பாருங்கள். இரண்டு வரிசை உள்ளே போகும். இரண்டு நிறத்தில் அடையாள அட்டை. உள்ளே போனதும் இரண்டு பேரும் ஒரே குழாயைத்தான் பற்றவைக்கிறார்கள். ஒரே கிரேனுக்கு அடியில்தான் நிற்கிறார்கள். நெருப்புப் பொறி பறந்தால் இரண்டு பேர் சட்டையும்தான் பொத்தலாகிறது. சம்பளக் கவரைப் பிரிக்கும்போதுதான் வித்தியாசம் தெரியும். ஒருவர் கம்பெனி ஆள். மற்றவர் கன்ட்ராக்டர் ஆள்.

கம்பெனி ஆளுக்கு லீவு உண்டு, போனஸ் உண்டு, பஞ்சப்படி உண்டு, ஓய்வு பெறும்போது கிராஜுவிட்டி உண்டு. கன்ட்ராக்டர் ஆளுக்குச் சட்டப்படி கிடைக்க வேண்டியதையே தேடிப் பிடிக்க வேண்டியிருக்கிறது. பி.எப். பிடிக்கிறார்கள், கட்டினார்களா என்று தெரியாது. ஒப்பந்தம் முடிந்ததும் கன்ட்ராக்டர் பெயர் மாறுகிறது. தொழிலாளி மாறுவதில்லை, அவர் நிற்கிற இடமும் மாறுவதில்லை. ஆனால் புதிய மஸ்டர் ரோலில் அவர் "புது ஆள்"! கிராஜுவிட்டிக்கு ஐந்து வருஷச் சர்வீஸ் வேண்டும் என்று 1972 சட்டம் சொன்னது. பதினைந்து வருஷம் ஒரே இடத்தில் வேலை பார்த்தவர் காகிதத்தில் ஐந்து வருஷத்தைத் தாண்டவே இல்லை என்று காட்டிவிடுகிறார்கள். இது தற்செயலாக நடக்கிற தப்பு என்று நினைக்கிறீர்களா? திட்டமிட்டுச் செய்கிற காரியம்.

பஞ்சாலைத் தோழர்களுக்கு இது புதிய கதை அல்ல. "பதிலி" என்று ஒரு வரிசை மில் கேட்டில் எவ்வளவோ காலமாக நின்றிருக்கிறது. பிறகு இன்னும் ஒரு படி போனார்கள். ஏழை வீட்டுப் பெண்பிள்ளைகளை ஆலை விடுதியில் தங்கவைத்து, மூன்று வருஷம் முடிந்தால் மொத்தமாக ஒரு தொகை தருகிறோம், கல்யாணத்துக்கு ஆகும் என்று ஆசை காட்டினார்கள். அதற்குச் "சுமங்கலித் திட்டம்" என்று மங்களகரமான பெயர் வேறு! நடுவில் உடம்புக்கு முடியாமல் வீடு திரும்பிய பெண்ணுக்கு அந்தத் தொகை கைக்கு வந்ததா என்பதை அந்தப் பெண்ணின் தாயாரைக் கேட்டால் தெரியும்.

இது எவ்வளவு தூரம் பரவியிருக்கிறது? பதிவு பெற்ற தொழிற்சாலைகளைப் பற்றி மத்திய சர்க்காரே ஆண்டுதோறும் கணக்கெடுக்கிறது. இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கே நூறு தொழிலாளிகளில் ஏறத்தாழ இருபது பேர் ஒப்பந்தத் தொழிலாளிகள். 2022-23 கணக்கில் அது நாற்பதைத் தாண்டிவிட்டது. இருபது வருஷத்தில் இரட்டிப்பு! சின்னப் பட்டறைகளும், கட்டட வேலையும், சுமை தூக்குகிற வேலையும் இந்தக் கணக்கில் வரவே இல்லை என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம்

எதற்காக இரண்டு வரிசை? ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். புரிந்துகொள்வதற்காக நாமே வைத்துக்கொள்கிற தொகைதான் இது. நிரந்தரத் தொழிலாளிக்கு எல்லாம் சேர்த்து ஒரு நாளைக்கு 1,500 ரூபாய் ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். அதே வேலைக்கு ஒப்பந்தத் தொழிலாளிக்கு 600 ரூபாய். வித்தியாசம் 900. இப்படி நூறு பேரை வைத்தால் ஒரு நாளைக்கு 90,000 ரூபாய் மிச்சம். வருஷத்துக்கு 300 நாள் வேலை என்றால் 2 கோடியே 70 லட்சம் ரூபாய். இதில் கன்ட்ராக்டருக்குத் தலைக்கு 60 ரூபாய் வீதம் கொடுத்தாலும் அவருக்கு வருஷத்துக்கு 18 லட்சம்தான் போகிறது. பாக்கி 2 கோடியே 52 லட்சம் எங்கே போகிறது? நிர்வாகத்தின் லாபக் கணக்குக்குப் போகிறது.

ஆகவே தோழர்களே, கன்ட்ராக்டரைத் திட்டிவிட்டு ஓய்ந்துவிடக் கூடாது. அவர் வெறும் தரகர். அந்தக் காலத்துக் கங்காணி மாதிரி. அவர் பையில் விழுவது சில்லறை. மூட்டை வேறு இடத்தில் அவிழ்கிறது.

இந்தக் கணக்கு இத்தோடு முடியவில்லை. நிரந்தரத் தொழிலாளி ஒருவர் ஓய்வு பெறுகிறார். அந்த இடத்துக்குப் புது ஆள் எடுப்பதில்லை. இரண்டாவது வரிசையிலிருந்து ஒருவரைக் கொண்டுவந்து நிறுத்துகிறார்கள். வருஷத்துக்கு வருஷம் முதல் வரிசை குட்டையாகிறது, இரண்டாவது வரிசை நீள்கிறது. அடுத்த சம்பள ஒப்பந்தத்துக்காக நம் யூனியன் மேஜைக்கு முன் உட்காருகிறபோது, நிர்வாகம் வாய் திறந்து சொல்ல வேண்டிய அவசியம்கூட இல்லை. ஜன்னல் வழியாக அந்த வரிசையைக் காட்டினால் போதும்! "600 ரூபாய்க்கு ஆள் நிற்கிறது, நீ என்ன கேட்கிறாய்?" என்பதுதான் அதற்கு அர்த்தம்.

பலன் என்ன? தொழிற்சாலைகளில் உற்பத்தியால் புதிதாகக் கூடுகிற மதிப்பில், 1980-களின் தொடக்கத்தில் நூற்றுக்கு ஏறத்தாழ முப்பது ரூபாய் தொழிலாளிகளின் கூலியாக வந்தது. அண்மைக் காலத்தில் அது ஏறத்தாழ அதில் பாதிதான். இயந்திரம் பெருகியிருக்கிறது, உற்பத்தி பெருகியிருக்கிறது. உழைத்தவன் பங்கு மட்டும் சுருங்கியிருக்கிறது.

இன்னொரு பக்கம் பாருங்கள். தாமஸ் பிக்கெட்டி உள்ளிட்ட நான்கு பொருளாதார நிபுணர்கள் 2024-ல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். 2022-23-ல் இந்தியாவின் மொத்த வருமானத்தில், உச்சியில் இருக்கிற நூற்றுக்கு ஒருவருக்கு 22.6 பங்கு போயிருக்கிறது. அடியில் இருக்கிற ஐம்பது பேருக்கும் சேர்த்து 15 பங்குதான். நூறு பேர் பந்தியில் உட்காருகிறார்கள், நூறு இட்லி இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒருவன் இலையில் இருபத்திரண்டு! கடைசியில் உட்கார்ந்த ஐம்பது பேருக்கும் சேர்த்துப் பதினைந்து! வெள்ளைக்காரன் ஆண்ட காலத்தில் இருந்ததைவிட இன்று இந்த ஏற்றத்தாழ்வு மோசம் என்று அந்த ஆய்வு சொல்கிறது. இரண்டு வரிசைக் கூலிக்கும் இந்தப் பந்திக்கும் சம்பந்தம் இல்லை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

பொன்மலை சொல்லும் பாடம்

நமது திருச்சியின் சரித்திரத்தைப் பார்ப்போம். பொன்மலை ரயில்வே தொழிற்சாலை எப்படி வந்தது? லண்டனில் பதிவான தென்னிந்திய ரயில்வே கம்பெனி நாகப்பட்டினத்தில் பட்டறை வைத்திருந்தது, போத்தனூரிலும் வைத்திருந்தது. 1920-களில் எல்லாவற்றையும் பொன்மலையில் ஒன்றாகச் சேர்ப்பது என்று தீர்மானித்தது. புதிய ஷெட், புதிய இயந்திரம்! ஆனால் பழைய ஆட்கள் அத்தனை பேரும் வேண்டாம் என்றது. மூவாயிரத்துக்கும் மேற்பட்டவர்களை வெளியே தள்ளத் திட்டம் போட்டது. அதற்கு ஒரு உபாயம் கண்டுபிடித்தது: தொழில் பரீட்சை! வருஷக்கணக்கில் இரும்பை அடித்துக் காய்த்துப்போன கைகளைப் பார்த்து, "உனக்கு வேலை தெரியுமா, பரீட்சைக்கு உட்கார்" என்றது.

இந்தப் பரீட்சையின் சூழ்ச்சி என்ன? தேறினவன், தேறாதவன் என்று இரண்டு வரிசை உண்டாக்குவது. தேறிவிடலாம் என்று நினைக்கிறவனைத் தேறமாட்டேன் என்று பயப்படுகிறவனிடமிருந்து பிரிப்பது. தொழிலாளிகள் இதைப் புரிந்துகொண்டார்கள். பரீட்சையே வேண்டாம் என்றார்கள். 1928 ஜூலையில் தென்னிந்திய ரயில்வே முழுவதும் வேலைநிறுத்தம் நடந்தது. தண்டவாளத்தில் படுத்து ரயிலை மறித்தார்கள். அடக்குமுறை கடுமையாக வந்தது. அந்த மாதம் முடிவதற்குள் வேலைநிறுத்தம் நசுக்கப்பட்டது. அறுபத்தெட்டு வயதான தோழர் சிங்காரவேலருக்குப் பத்து வருஷச் சிறைத்தண்டனை விதித்தார்கள். அது பின்னால் குறைக்கப்பட்டது. போராட்டம் தோற்றது உண்மை. ஆனால் "தேறினவன்" "தேறாதவன்" என்று பிரிய மறுத்தவர்கள் நமக்குக் காட்டிய வழி தோற்றுவிடவில்லை.

இரண்டாவது உலக யுத்தம் முடிந்தது. யுத்தத்துக்காகச் சேர்த்த ஆட்களை எல்லாம் ரயில்வேக்கள் வெளியே அனுப்பப்போகின்றன என்ற பயம் நாடெங்கும் பரவியது. விலைவாசி ஏறியது, கூலி ஏறவில்லை. 1946 ஆகஸ்டில் தென்னிந்திய ரயில்வேயில் வேலைநிறுத்தம் மூண்டது. செப்டம்பர் 5-ந் தேதி பொன்மலைச் சங்கத் திடலில் மலபார் போலீஸ் துப்பாக்கிப் பிரயோகம் செய்தது. ஐந்து தொழிலாளிகள் மாண்டார்கள். சுதந்திரம் வருவதற்கு ஒரு வருஷம்கூட இல்லை! அந்தத் திடலில் பாய்ந்த குண்டு, யார் நிரந்தரம், யார் தற்காலிகம் என்று பார்த்துப் பாயவில்லை. ஒவ்வொரு செப்டம்பர் 5-ந் தேதியும் நாம் அங்கே செங்கொடி ஏற்றுகிறோம். ஏற்றிவிட்டுத் திரும்புகிறபோது, நம் ஷெட்டில் கன்ட்ராக்டர் கீழ் வேலை செய்கிறவர் நம் சங்கத்தில் இருக்கிறாரா என்று ஒவ்வொருவரும் தன்னையே கேட்டுக்கொள்ள வேண்டும்.

பிற்காலத்தில் வந்த வேலைகளையும் பாருங்கள். செக்கோஸ்லோவாகியாவின் ஒத்துழைப்போடு திருவெறும்பூரில் கொதிகலன் தொழிற்சாலை 1965-ல் உற்பத்தி தொடங்கியது. அடுத்த வருஷமே துப்பாக்கித் தொழிற்சாலை வந்தது. சர்க்கார் துறையில் வேலை என்றால் நிரந்தர வேலை என்று ஊரே நம்பியது. ஆயிரக்கணக்கான குடும்பங்கள் நிமிர்ந்தன. பண்ணை வேலை செய்தவர் பிள்ளை வெல்டர் ஆனார். அந்தக் கொதிகலன் ஆலையிலேயே பின்னால் ஒப்பந்தத் தொழிலாளர்கள் சம வேலைக்குச் சமக் கூலி கேட்டுத் திரும்பத் திரும்பப் போராட வேண்டி வந்தது. 2021 அக்டோபர் 1 முதல் நாட்டிலுள்ள 41 தளவாடத் தொழிற்சாலைகளையும் ஏழு கம்பெனிகளாகப் பிரித்துவிட்டார்கள். நமது துப்பாக்கித் தொழிற்சாலையும் அதில் ஒன்று.

திறமை இல்லை என்றா இப்படிச் செய்கிறார்கள்? நீலகிரி மலை ரயிலுக்கு நீராவி எஞ்சினைப் புதிதாகச் செய்து கொடுத்தது பொன்மலைத் தொழிற்சாலை! உலகம் கைவிட்டுவிட்ட ஒரு தொழிலை நம் தோழர்களின் கை மறக்கவில்லை. அப்படிப்பட்ட கைக்கு இரண்டு விலை எப்படி வரும்?

பண்ணையாள் போய்த் தினக்கூலி வந்த கதை

விவசாயத் தோழர்களே, இப்போது உங்கள் பக்கம் வருவோம். "இது கேட்டுக்குள் நடக்கிற சண்டை, நமக்கென்ன?" என்று நினைத்துவிடாதீர்கள். இந்த வித்தையை முதலில் அரங்கேற்றிய இடமே நம் காவிரி வயல்தான்.

தஞ்சை ஜில்லாவில் பண்ணையாள் முறை இருந்தது. சாணிப்பாலும் சவுக்கடியும் இருந்தன. 1943 முதல் தோழர் பி. சீனிவாச ராவ் கிராமம் கிராமமாகப் போய்ச் சங்கம் கட்டினார். அடித்தால் திருப்பி அடி என்று நிமிர்ந்து நிற்கக் கற்றுக்கொடுத்தார். அந்த எழுச்சியின் விளைவாகத்தான் 1952-ல் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. பண்ணையாளுக்கு இவ்வளவு கூலி கொடுக்க வேண்டும், காரணமில்லாமல் வெளியேற்றக் கூடாது என்று சட்டம் சொன்னது.

மிராசுதார்கள் என்ன செய்தார்கள்? "எங்களிடம் பண்ணையாளே இல்லை. வருகிறவன் எல்லாம் தினக்கூலி" என்றார்கள்! தலைமுறை தலைமுறையாக அந்த நிலத்திலேயே உழைத்தவனைப் பண்ணையிலிருந்து நீக்கிவிட்டு, மறுநாள் காலையில் அதே நிலத்துக்கு அதே ஆளை அன்றாடக் கூலியாகக் கூப்பிட்டார்கள். சட்டம் பண்ணையாளுக்கு, தினக்கூலிக்கு அல்லவே! ஆலை கேட்டில் கன்ட்ராக்டர் பெயர் மாறி, பழைய ஆள் "புது ஆள்" ஆகிற அதிசயத்துக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? சூட்டுக்கோட்டுப் போட்ட மேனேஜர் ஆலையில் செய்வதைப் பஞ்சகச்சம் கட்டிய மிராசுதார் வரப்பில் நின்று முன்னமேயே செய்து காட்டினார்!

அதற்குப் பிறகு கூலிச் சண்டை ஓயவில்லை. கூடக் கொஞ்சம் நெல் கேட்டதற்கும், சங்கத்தை விடமாட்டோம் என்றதற்கும் 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் பெண்களும் குழந்தைகளுமாக 44 பேரை ஒரே குடிசையில் வைத்து எரித்தார்கள். அந்தச் சாம்பலிலிருந்துதான் 1969-ல் விவசாயத் தொழிலாளர் நியாயக் கூலிச் சட்டம் பிறந்தது.

2005-ல் ஊரக வேலை உறுதிச் சட்டம் வந்தது. வருஷத்தில் 100 நாள் வேலை. ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே கூலி. அந்தக் கூலி பெரிய கூலி அல்ல. ஆனாலும் "இவ்வளவு தராவிட்டால் உன் வயலுக்கு வரமாட்டேன், எனக்கு வேறு வேலை இருக்கிறது" என்று ஒரு பெண் வரப்பில் நின்று சொல்ல முடிந்தது. நிலக்காரர்களுக்கு உறுத்தியது எது? அந்த ஒரு வார்த்தைதான்! 2025 டிசம்பரில் அந்தச் சட்டத்தின் இடத்தில் வேறொரு சட்டத்தை நாடாளுமன்றம் நிறைவேற்றியது. 125 நாள் என்று எண்ணிக்கையை ஏற்றிச் சொல்கிறார்கள். கூடவே, நடவு அறுப்பு மும்முரமாக இருக்கிற காலத்தில் 60 நாள் வரை வேலையை நிறுத்திவைக்கலாம் என்றும் எழுதியிருக்கிறார்கள். நமக்குப் பேரம் பேசப் பலம் எப்போது? நடவும் அறுப்பும் நடக்கிறபோதுதான்! சரியாக அந்த நேரம் பார்த்து அந்தப் பலத்தைப் பிடுங்குவதற்கு வழி வைத்திருக்கிறார்கள்.

சட்டம் எங்கே நிற்கிறது?

"சட்டம் இல்லையா?" என்று கேட்பீர்கள். 1970-ல் ஒப்பந்தத் தொழிலாளர் சட்டம் வந்தது. நிர்வாகத்தின் சொந்தத் தொழிலாளி செய்கிற அதே வேலையைக் கன்ட்ராக்டர் ஆள் செய்தால் அதே கூலி தரவேண்டும் என்று அதன் விதிகளில் 1971-லேயே எழுதியிருந்தார்கள். நாம் இன்று கேட்பதையே ஐம்பது வருஷத்துக்கு முன் எழுதி வைத்தார்கள். எழுதியது ஏட்டில் கிடந்தது. நம் சட்டமன்றமும் 1981-ல் ஒரு சட்டம் செய்தது: 24 மாதத்தில் 480 நாள் வேலை செய்தவரை நிரந்தரமாக்க வேண்டும் என்று. அதற்கு நிர்வாகங்கள் கண்ட மருந்து என்ன? 480 நாள் ஆவதற்குள் நடுவில் நிறுத்தி, மறுபடி கூப்பிடுவது!

1996-ல் சுப்ரீம் கோர்ட் ஒரு தீர்ப்பளித்தது. ஒரு வேலையில் ஒப்பந்த முறையை சர்க்கார் தடை செய்தால், அந்த வேலையில் இருந்தவர்கள் நேரடியாக நிர்வாகத்தின் ஆட்கள் ஆகிவிடுவார்கள் என்றது. 2001-ல் அதே கோர்ட்டின் பெரிய பெஞ்ச் அதை மாற்றியது. தானாக நிரந்தரம் வராது என்றது. 2016-ல் மறுபடி, தற்காலிக ஊழியர்களுக்கும் சம வேலைக்குச் சம ஊதியம் பொருந்தும் என்று பஞ்சாப் வழக்கில் சொன்னது. கோர்ட் கதவு ஒரு சமயம் திறக்கும், ஒரு சமயம் மூடும். அதை மட்டும் நம்பிக் கேட்டில் சும்மா நிற்கலாகாது.

இப்போது 29 தொழிலாளர் சட்டங்களைச் சுருட்டி நான்கு தொகுப்புகள் ஆக்கி, 2025 நவம்பர் 21 முதல் அமலுக்குக் கொண்டுவந்திருக்கிறார்கள். முன்பு 20 ஒப்பந்தத் தொழிலாளிகள் இருந்தாலே சட்டம் பாயும். இனி 50 பேர் இருக்க வேண்டும். முன்பு 100 பேர் வேலை செய்கிற தொழிற்சாலையை மூடவோ ஆட்குறைப்புச் செய்யவோ சர்க்காரின் அனுமதி வேண்டும். இனி 300 பேர் இருந்தால்தான் வேண்டும். முக்கிய வேலையில் ஒப்பந்த ஆள் கூடாது என்றும் ஒரு வாசகம் இருக்கிறது. அதற்கும் விதிவிலக்குகள் உண்டு. பெருக்குவது, காவல் காப்பது, கேண்டீன் நடத்துவது, மூட்டை ஏற்றி இறக்குவது, தோட்ட வேலை இவையெல்லாம் பொதுவாக "முக்கிய வேலை" அல்லவாம்! கேண்டீனில் ஒரு நாள் அடுப்பு எரியாவிட்டால், கக்கூஸை ஒரு வாரம் கழுவாவிட்டால் எது முக்கிய வேலை என்று மேனேஜருக்கும் புரிந்துவிடும்.

மூன்று கேள்விகள்

நம் தோழர்கள் நம்மிடமே அடிக்கடி கேட்கிற மூன்று கேள்விகளுக்குப் பதில் சொல்லிவிடுவோம்.

"கன்ட்ராக்ட் தொழிலாளிக்குக் கேட்கப்போனால் நிரந்தரத் தொழிலாளியின் சலுகை போய்விடாதா?" இது முதல் கேள்வி. போய்க்கொண்டேதான் இருக்கிறது, தோழரே! கேளாமல் இருந்ததனால்தான் போய்க்கொண்டிருக்கிறது. பத்துப் பேர் நின்ற இடத்தில் நான்கு பேர் நின்றுகொண்டு பழைய ஒப்பந்தத்தைக் காப்பாற்ற முடியாது. ஊர் இரண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம். பக்கத்தில் நிற்கிறவன் கூலி ஏறினால்தான், அவனைக் காட்டி நம்மை மிரட்ட முடியாது.

"இந்த வேலையாவது கிடைக்கிறதே, சண்டை போட்டால் அதுவும் போய்விடுமே?" இது இரண்டாவது. பசித்தவன் வாயில் வருகிற நியாயமான பயம் இது. இதைக் கேலி செய்யக் கூடாது. சென்னையில் ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களின் துப்புரவுப் பணியைத் தனியாரிடம் ஒப்படைத்தபோது, இதே பயம் இருந்த துப்புரவுத் தொழிலாளர்கள், பெரும்பாலும் பெண்கள், 2025 ஆகஸ்டில் ரிப்பன் மாளிகை வாசலில் 13 நாள் உட்கார்ந்தார்கள். நள்ளிரவில் போலீஸ் அவர்களை அப்புறப்படுத்தியது. ஆனால் அதுவரை யார் கண்ணிலும் படாதிருந்தவர்களின் கூலிக் கணக்கை நாடே பேசும்படி செய்துவிட்டார்கள். வைகுண்ட ஏகாதசிக்கு வந்து போகிற ஜனக்கூட்டத்துக்குப் பிறகு இந்த ஸ்ரீரங்கத்து வீதிகளைப் பெருக்குகிறவர்களின் கூலி என்ன, பி.எப். என்ன என்று நாம் என்றைக்காவது விசாரித்ததுண்டா?

மூன்றாவது கேள்வியைத் தாழ்ந்த குரலில் கேட்கிறார்கள்: "வடக்கிலிருந்து வந்தவன்தானே குறைந்த கூலிக்கு வந்து நம் வேலையைக் கெடுக்கிறான்?" கட்டட வேலையிலும் பட்டறையிலும் மட்டுமல்ல, நடவு வேலைக்கே இப்போது வங்காளத்திலிருந்து வருகிறார்கள் என்பது உண்மை. ஆனால் திருச்சி ஜில்லாக்காரர்கள் இந்தக் கேள்வியைக் கேட்பதற்கு முன் கொஞ்சம் யோசிக்க வேண்டும். இந்த ஜில்லாவிலிருந்து எத்தனை ஆயிரம் பேர் கங்காணியின் பின்னால் இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்கும் மலேயா ரப்பர்த் தோட்டத்துக்கும் போனார்கள்! அங்கேயும் இதே பேச்சைத்தான் கேட்டார்கள். ஊரில் பிழைக்க வழியிருந்தால் யாராவது அடுப்பையும் பிள்ளைகளையும் விட்டுவிட்டு ஆயிரம் மைல் வருவார்களா? குறைந்த கூலியை நிர்ணயித்தது அவன் அல்ல. அவனைக் கூட்டி வந்தவன். அவனுக்கும் நம் கூலியே கொடுக்க வேண்டும் என்று நாம் கேட்டால் அவனை வைத்து நம்மை மட்டம் தட்டுகிற வித்தை அன்றைக்கே முடிந்துவிடும்.

என்ன செய்ய வேண்டும்?

கேட்டால் கிடைக்குமா? 2023 ஏப்ரல் 21-ந் தேதி நம் சட்டமன்றத்தில் பன்னிரண்டு மணி நேர வேலைக்கு வழி வைக்கிற மசோதாவை நிறைவேற்றினார்கள். எல்லாச் சங்கங்களும், எந்தக் கொடி என்று பார்க்காமல், ஒரே குரலில் எதிர்த்தன. மூன்றாம் நாள், 24-ந் தேதி, நிறுத்திவைத்தார்கள். மே தினத்தன்று வாபஸ் என்று அறிவித்தார்கள். பத்து நாளில் இது நடந்தது! நிரந்தரம், கன்ட்ராக்ட் என்று அன்று யாரும் பிரிந்து நிற்கவில்லை என்பதே காரணம்.

ஆகவே நாம் செய்ய வேண்டிய வேலைகள் இவை.

முதலாவது, ஒவ்வொரு ஆலைச் சங்கமும் ஒப்பந்தத் தொழிலாளிக்குக் கதவைத் திறக்க வேண்டும். அவர்களுக்கென்று தனிச் சங்கம் இருந்தால், இரண்டும் சேர்ந்து ஒரே கோரிக்கை மனு கொடுக்க வேண்டும். "சம வேலைக்குச் சமக் கூலி" அதில் கடைசிக் கோரிக்கையாக இருக்கக் கூடாது. முதல் கோரிக்கையாக இருக்க வேண்டும்.

இரண்டாவது, ஒவ்வொரு ஒப்பந்தத் தொழிலாளியும் ஒரு நோட்டுப் புத்தகம் வைத்துக்கொள்ள வேண்டும். வேலைக்குப் போன நாள், செய்த வேலை, கன்ட்ராக்டர் பெயர், வாங்கிய கூலி, பி.எப்., ஈ.எஸ்.ஐ. நம்பர் எல்லாவற்றையும் எழுதி வையுங்கள். எழுதத் தெரியாதவருக்குப் பக்கத்தில் இருப்பவர் எழுதிக் கொடுங்கள். நாளைக்கு அதிகாரியின் முன்னால் நிற்கிறபோது பேசப்போவது அந்த நோட்டுதான்.

மூன்றாவது, விவசாயத் தோழர்கள் நடவு தொடங்குவதற்கு முன்பே கிராமத்துக்குக் கிராமம் கூட்டம் போட்டு, இந்தப் பட்டத்துக்கு இன்ன கூலி, ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒன்று, உள்ளூராருக்கும் வெளியூராருக்கும் ஒன்று என்று தீர்மானிக்க வேண்டும். ஒரு கிராமம் தனியாக நின்றால் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஆள் கூட்டி வருவார்கள். லால்குடி முதல் முக்கொம்பு வரை ஒரே கூலி என்று நின்றால் எங்கிருந்து கூட்டி வருவார்கள்?

நான்காவது, ஆலைத் தோழர்கள் தங்கள் சொந்தக் கிராமத்தை மறந்துவிடக் கூடாது. நம்மில் பெரும்பாலோர் நடவு நட்ட தாய்மார்களின் பிள்ளைகள். விவசாயக் கூலிப் போராட்டம் நடக்கிற கிராமத்துக்கு ஒவ்வொரு சங்கமும் ஆள் அனுப்ப வேண்டும், சந்தா வசூலித்து அரிசி அனுப்ப வேண்டும். வயலில் கூலி உயர்ந்தால், வயலை விட்டு ஓடிவந்து எந்தக் கூலிக்கும் கேட்டில் நிற்கிற கூட்டம் குறையும். அது அவர்களுக்கு நாம் செய்கிற தர்மம் அல்ல. நம் கூலிக்கு நாம் கட்டுகிற கரை.

தோழர்களே, காவிரிக்கரைக்காரர்களுக்குக் கரையைப் பற்றிச் சொல்லித்தர வேண்டியதில்லை. வெள்ளக் காலத்தில் "என் வயலுக்கு நேரே கரை பலமாக இருக்கிறது" என்று யாரும் தூங்கப் போவதில்லை. எங்கே பலவீனமோ அங்கேதான் எல்லோரும் மண்கூடையோடு ஓடுகிறோம். இன்று உழைப்பாளி வர்க்கத்தின் கரை பலவீனமாக இருக்கிற இடம் அந்த இரண்டாவது வரிசை. இந்த வகுப்பு முடிந்து போகிற ஒவ்வொருவரும் அடுத்த வகுப்புக்கு அந்த வரிசையிலிருந்து ஒருவரை அழைத்து வாருங்கள்.

சம வேலைக்குச் சமக் கூலி! ஆலையிலும் ஒன்று, வயலிலும் ஒன்று!